ஊரிகம் மையத்தின் முதல் இணைப்பு

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வசிப்பவர்கள் தாங்கள் வசிப்பதை ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் நிரூபிக்க வேண்டும் என்று ஜனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. நிரூபிக்காதவர்கள் வசிக்கவில்லை என்று கொள்ளப்படும். வசிக்காத வீடு காலி வீடு என்று கொள்ளப்படும். காலி வீட்டை எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதற்காகவே ஊரிகத்தில் 'வசிப்போர் உறுதிப்பாட்டு மையம்' என்று ஒன்றைத் திறந்தார்கள்.

சாம்பியன் ரீப்ஸில் குடியிருந்த கிளமெண்ட் அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தார். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீடு அவர் பெயரில் இல்லை. மனைவி ஜாயின் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தபோது கிடைத்த வீடு. அவர் போன பிறகு ஜாய் பெயருக்கு மாறியது. எனவே வசிப்பதாக ஜாய்தான் சொல்ல வேண்டும். ஜாயோ இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, ஐந்து மாதமாகக் கட்டிலோடு இருந்தாள். பிள்ளைகள் இல்லை.

"எங்கப்பா ஷாஃப்ட்ல எறங்கி எறங்கி வாங்குன வூடு," என்றாள் ஜாய். "நான் போய்ட்டாலும் நீங்க இங்கதான் இருக்கணும். போயி இன்னா ஓணும்னு கேட்டுகினு வாங்க."

கிளமெண்ட் கேட்டுக்கொண்டு வரப் போனார்.

மையத்தின் தலைவர் பெயர் நாராயணசாமி. ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது பிடிக்காமல் அரசு வேலைக்கு வந்தவர். கிளமெண்டை உட்காரச் சொல்லாமல் மரியாதையாகப் பேசினார்.

"கவலையே படாதீங்க. நேர்ல வர முடியாதவங்களுக்குன்னே வசதி பண்ணியிருக்கோம். வீட்டம்மா பேசறத உங்க போன்ல வீடியோ எடுங்க. அத எங்க கம்ப்யூட்டருக்கு அனுப்புங்க. முடிஞ்சுது."

"எந்த நம்பருக்கு சார் அனுப்பணும்?"

நாராயணசாமி சிரித்தார். "நம்பருக்கா? இன்டர்நெட்ல போனா உங்க வீட்டம்மா பேச்சு அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வரும். அது தேவையா? ஒயரும் கூடாது, பென் டிரைவும் கூடாது, வைரஸ் வரும். புளூடூத் ஒண்ணுதான் அனுமதி. உங்க போனும் எங்க கம்ப்யூட்டரும் நேரா பேசிக்கும். நடுவுல ஆளே கிடையாது."

கூண்டுக் கம்பிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். முன்னால் சுமா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் அலுத்துப்போய், உள்ளூரிலேயே கிடைத்த ஒப்பந்த வேலைக்கு வந்தவள்.

"சாதாரண கம்ப்யூட்டர் இல்ல இது," என்றார் நாராயணசாமி. "ஓப்பன் சோர்ஸ். திறந்த மென்பொருள். உலகத்துல யார் வேணா திறந்து பாக்கலாம், படிக்கலாம், மாத்தலாம். ஒளிவு மறைவே கிடையாது."

கிளமெண்ட் லேசாக எட்டிப் பார்த்தார்.

"எட்டிப் பாக்காதீங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

எட்டிப் பார்த்த அந்தக் கணத்தில் கிளமெண்ட் ஒன்றைக் கவனித்துவிட்டார். அந்தத் திறந்த கம்ப்யூட்டரில் இருந்த எல்லாத் துளைகளையும் சிவப்பு அரக்கு வைத்து அடைத்து முத்திரை குத்தியிருந்தார்கள்.

அன்று மதியமே வீட்டில் வீடியோ எடுத்தார். ஜாய் தலை வாரி, கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டச் சொல்லி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பேசினாள். போன் அவளுடையது. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியது.

முதல்முறை குறித்துக் கொடுத்த தேதியில் கிளமெண்ட் பத்து மணிக்கே போய்விட்டார். கம்ப்யூட்டர் மற்ற கருவிகளின் கண்ணுக்குத் தெரிவது ஆபத்து என்பதால், தினமும் பதினொரு மணி முதல் பதினொன்று இருபது வரை மட்டுமே அதைத் தெரிய விடலாம் என்று சுற்றறிக்கை இருந்தது. பதினொன்று அடித்ததும் சுமா தேடலை அழுத்தினாள். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. ரோஹித் என்பவரின் காதுக் கருவி. நிக்கோலின் கைக்கடிகாரம். பின் தெருவில் யார் வீட்டிலோ ஓடிக்கொண்டிருந்த டிவி. கோரமண்டல் பக்கம் போகும் பஸ் ஒன்று தெருவில் நின்றபோது ஒரே மூச்சில் ஒன்பது பெயர்கள்.

"எல்லாத்தையும் ரிஜிஸ்டர்ல ஏத்து," என்றார் நாராயணசாமி.

"சார், நமக்கு இவர் போன் ஒண்ணுதானே வேணும்?"

"நம்ம எல்லைக்குள்ள வந்தது யாரு, போனது யாருன்னு நாளைக்கு ஆடிட்ல கேட்டா? அந்த பஸ்ஸையும் எழுது."

சுமா இருபத்து மூன்று கருவிகளை எழுதி முடித்தபோது பதினொன்று இருபத்திரண்டு.

"அங்கிள், ஸாரி," என்றாள். "அடுத்த டேட் போட்டுத் தர்றேன்."

இரண்டாவது முறை கிளமெண்ட் கொண்டுபோன போன் பட்டியலில் முதலாவதாகவே வந்தது. அதன் பெயர் வெறும் மாடல் எண்ணாக இருந்தது. மனுதாரரின் பெயரும் கருவியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார் நாராயணசாமி. கிளமெண்ட் அங்கேயே மாற்றப் போனார்.

"நிறுத்துங்க! ஆபீஸ்ல நின்னு பேர மாத்தறது ஆள்மாறாட்டம். உங்க நல்லதுக்குச் சொல்றேன். வீட்ல போய் மாத்திட்டு வாங்க."

வீட்டில் ஜாயே மாற்றினாள். ஆதாரில் உள்ளபடி, ஒவ்வோர் எழுத்தாக. விரல் வீங்கியிருந்ததால் நேரம் பிடித்தது. "இன்னாங்க இது," என்றாள், "மனுசனுக்கு ஞானஸ்நானம் குடுக்கறது இத்தினி கஷ்டம் இல்ல."

மூன்றாவது முறை எல்லாம் சரியாக நடந்தது. போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து இருபுறமும் சரி என்று அழுத்த வேண்டும். கிளமெண்ட் மகிழ்ச்சியோடு எண்ணைப் படிக்க வாயைத் திறந்தார்.

"வாய மூடுங்க!" என்று கத்தினார் நாராயணசாமி. உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "மன்னிக்கணும். ரகசிய எண்ண யாருகிட்டயும் சொல்லக் கூடாது. டிவிலயும் ரேடியோவுலயும் தினமும் சொல்றாங்களே, கேக்கறது இல்லையா?"

"சொல்லலன்னா ரெண்டும் ஒண்ணான்னு எப்பிடி சார் தெரியும்?"

அதற்கும் வழி இருந்தது. கிளமெண்ட் தன் எண்ணை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டினார். சுமாவும் தன் எண்ணை எழுதி உறையில் போட்டு ஒட்டினாள். இரண்டு உறைகளும் நாராயணசாமியின் அறைக்குப் போயின. அவர் உறைகளின் மேல் நேரத்தைக் குறித்து, கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி, தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்!" என்று மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார். "அழுத்துங்க!"

அழுத்த எதுவும் இல்லை. எண் மறைந்து பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. அரை நிமிடம்தான் நிற்குமாம்.

கிளமெண்ட் அன்று முதல்முறையாக ஒரு புகார் எழுதினார். இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்தவர் என்பதால் புகாரிலேயே தீர்வையும் எழுதியிருந்தார்: போனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒருவர் திரையை ஒருவர் பார்த்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும். புகார் பெங்களூருக்குப் போய் ஒரு தொழில்நுட்ப ஆலோசகரின் பதிலோடு திரும்பியது. புளூடூத்தின் வீச்சு பத்து மீட்டர் என்றும், மக்களின் வரியில் வாங்கிய கருவியின் முழுத் திறனும் பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

ஆகவே நான்காவது முறை போனபோது தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து டேப் பிடித்துச் சரியாகப் பத்து மீட்டர். அது கூடத்தைத் தாண்டி, ஒன்றரை அடி கருங்கல் சுவரையும் தாண்டி, சைக்கிள் ஷெட்டில் விழுந்தது. கிளமெண்ட் ஷெட்டில் நின்றார். பதினொன்று முதல் பதினொன்று இருபது வரை போனை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். போனில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்து கேட்டார்: "சார், ஒரு நாலு அடி கிட்ட வந்தா கெடைக்கும் சார்."

"கிட்ட வந்தா அப்புறம் அதுக்குப் பேரு வயர்லெஸ்ஸா?" என்றார் நாராயணசாமி.

கிளமெண்ட் வீட்டுக்குப் போய், ஆகிவிடும் என்று ஜாயிடம் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஐந்தாவது முறைக்கான தேதி ஏப்ரல் எட்டு. ஏப்ரல் ஆறாம் தேதி காலை கிளமெண்ட் கஞ்சி கொண்டுபோனபோது ஜாய் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாள் மாலை அடக்கம் செய்தார்கள். எட்டாம் தேதி, அடக்கத்துக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டையோடு கிளமெண்ட் ஊரிகம் போனார். தேதியைத் தவறவிடுகிறவர்கள் முதலிலிருந்து மனுச் செய்ய வேண்டும் என்று தேதிச் சீட்டின் பின்பக்கம் அச்சடித்திருந்தது.

சுமாவிடம்தான் முதலில் சொன்னார். அவள் கூண்டை விட்டு வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அங்கிள், இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"டேட்டு போட்டிருந்தியேமா."

நாராயணசாமி உண்மையாகவே வருந்தினார். மையத்தின் வேலைகளை நிறுத்தி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். பதினோரு மணிக்கு மௌன அஞ்சலி ஆரம்பமானது. தலைவர் கண்ணை மூடியிருந்ததால் முடிவதை அறிவிக்க யாருமில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது பதினொன்று இருபத்தைந்து.

கிளமெண்ட் இனி வர வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் நான்கு நாள் கழித்து நாராயணசாமியே அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பதினேழாம் தேதி நம்ம மையத்துக்கு நூறாவது நாள். பெங்களூர்லேர்ந்து இணை இயக்குநர் வர்றார். ஒரு போன் கூட இணையலன்னு தெரிஞ்சா நல்லா இருக்காது. அன்னிக்கு உங்க போன மேடையிலயே இணைக்கறோம். உங்க காரியமும் ஆன மாதிரி."

"அன்னிக்கு மட்டும் எப்பிடி சார் ஆவும்?"

"அன்னிக்கு விதிகள்ல தளர்வு இருக்கு."

விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பிரார்த்தனைப் பாட்டுக்காகக் கம்ப்யூட்டரிலிருந்து மைக் செட்டுக்கு இணைப்பு கொடுத்து, ஒரு குழாய் ஒலிபெருக்கியைத் தெருவைப் பார்த்துக் கட்டினார்கள். நாராயணசாமி பேசினார்.

"இந்த நூறு நாள்ல இருநூத்தி எண்பத்தாறு தடவை இணைப்புக்கு முயற்சி பண்ணியிருக்கோம். ஒரு தகவல் வெளிய கசியல. இத நான் பெருமையா சொல்றேன். ஏன் கசியல? உள்ள வந்தாத்தானே கசியறதுக்கு! இந்த மாநிலத்துலயே இவ்வளவு பாதுகாப்பான ஆபீஸ் வேற கிடையாது. சில பேர் கேக்கறாங்க, நாங்க இங்கதானே வசிக்கறோம், வந்து பாத்துக்கங்களேன்னு. வசிக்கறது யார் வேணா வசிக்கலாங்க. முறைப்படி வசிக்கறதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

இணை இயக்குநர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

கிளமெண்டை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சுமா போனை வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், அரை அடி தூரத்தில் வைத்தாள். எண் வந்தது. இரண்டையும் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று அழுத்தினாள். 'இணைக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. மொத்தம் நான்கு விநாடி. கிளமெண்ட் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அவருக்குச் சால்வை போட்டுவிட்டார்கள்.

"இப்ப வீடியோவ அனுப்புங்க," என்றார் இணை இயக்குநர்.

கிளமெண்ட் அனுப்பினார். அனுப்ப முடியவில்லை என்று வந்தது. மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் வந்தது. சுமா குனிந்து பார்த்துவிட்டு முகம் மாறினாள். கம்ப்யூட்டர் அந்தப் போனை ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் பாட்டுப் பெட்டியாக ஏற்றுக்கொண்டிருந்தது. அதிலிருந்து பாட்டுக் கேட்கும், கோப்பு வாங்காது.

"அங்கிள், ஸ்வல்ப இருங்க, எதையும் தொடாதீங்க," என்றாள்.

அதற்குள் கிளமெண்டின் கட்டைவிரல் வீடியோவின் மேல் பட்டுவிட்டது. பந்தலிலும் தெருவிலும் ஜாயின் குரல் கேட்டது.

"என் பேரு ஜாய். எங்கப்பா பேரு சைலஸ். நான் பொறந்தது இந்த வூட்லதான். கல்யாணம் கட்டிகினு இருந்ததும் இந்த வூட்லதான். இப்ப படுத்துகினு இருக்கறதும் இங்கதான். வேற எங்கயும் போய் இருந்தது இல்ல. பெங்களூருக்கே ரெண்டு தபாதான் போயிருக்கேன், ரெண்டும் ஆஸ்பத்திரிக்கு."

கொஞ்ச நேரம் அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஆட்டோ ஒன்று நின்றது.

"போதுமாங்க? இன்னா, இன்னும் புடிச்சிகினே இருக்கீங்க? கை நடுங்குது பாருங்க உங்களுக்கு. ஒக்காருங்க. காலைலேர்ந்து நீங்க ஒண்ணுமே சாப்புடல."

அவ்வளவுதான் வீடியோ. சுமா திரும்பி நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிளமெண்ட் சால்வையோடு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது சொல்வாள் என்பதுபோல.

இணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒலி ரொம்பத் துல்லியமா இருக்கு," என்றார்.

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை கிளமெண்ட் மையத்துக்குப் போனபோது சுவரில் அவர் படம் இருந்தது. சால்வை, போன், இணை இயக்குநர், கீழே 'முதல் இணைப்பு' என்ற எழுத்து. நாராயணசாமி அவரை முதல்முறையாக உட்காரச் சொன்னார்.

"சார், வூடு விசயம் முடிஞ்சிட்ட மாதிரிதானே?"

"எப்படி முடியும்? ஃபைல் வரலையே."

"அவ பேசனத நீங்க கேட்டீங்களே சார். ரோட்ல போறவங்களே கேட்டாங்களே."

"கேட்டோம். நான் மறுக்கல. கேக்கறது வேற, பெறப்பட்டதுங்கறது வேற."

"அப்ப இன்னொரு தபா கிட்ட வச்சி, வேற மாதிரி அனுப்பிப் பாக்கலாம் சார். சுமாக்குத் தெரியுது."

"அது விழாவுக்கான தளர்வு. விழா முடிஞ்சிருச்சு." நாராயணசாமி குரலைக் கனிவாக்கிக்கொண்டார். "அத விடுங்க, வந்தாலும் நான் வாங்க முடியாது. அம்மா என்ன சொல்றாங்க அதுல? 'இப்ப படுத்துகினு இருக்கறதும் இங்கதான்.' இப்ப அங்கயா படுத்திருக்காங்க?"

"இல்ல," என்றார் கிளமெண்ட்.

"பாத்தீங்களா. தெரிஞ்சே ஒரு தவறான வாக்குமூலத்த நான் எப்படி வாங்கறது? ஒண்ணு பண்ணுங்க. வாரிசுன்னு நீங்களே புதுசா மனுக் குடுங்க. நீங்க நடமாடறவர். நேர்லயே வாக்குமூலம் குடுக்கலாம். புளூடூத்தே வேணாம்."

கிளமெண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடுக்கறேன் சார். இப்பவே குடுக்கறேன்."

"வீடு அம்மா பேர்ல இருக்கறதால அவங்க சம்மதம் ஒண்ணு மட்டும் சேத்துக் குடுங்க." ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "அவங்க நேர்ல வர முடியாத நிலைமைன்னா வீடியோ எடுத்து அனுப்பலாம்."

கிளமெண்ட் படிவத்தை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்தவரைச் சுமா கூப்பிட்டாள். அவளுடைய ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. புதுப்பிக்கவில்லை. போகுமுன் பழைய இணைப்பை நீக்கச் சொல்லியிருந்தார்கள். இறந்தவர் பெயரில் ஒரு கருவி அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாதாம்.

திரையில் ஜாயின் முழுப்பெயர் இருந்தது. அதன் கீழே 'இந்தக் கருவியை மறந்துவிடவா?' என்று கன்னடத்தில் கேட்டிருந்தது. கிளமெண்டுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும்.

"என்னால ஆகல்ல அங்கிள்," என்றாள் சுமா.

"உன் வேலமா அது. அழுத்து."

அவள் அழுத்தினாள். பெயர் போய்விட்டது.

மே மாதம் நான்காம் தேதி காலை, கிளமெண்ட் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கதவில் யாரோ எதையோ தேய்க்கும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் பசை வாளியோடு நின்றிருந்தான். கதவில் ஒரு நோட்டீஸ் பாதி ஒட்டியிருந்தது. 'இவ்வீட்டில் எவரும் வசிக்கவில்லை என்று இதன்மூலம் உறுதிப்படுத்தப்படுகிறது.'

"கதவ ஆட்டாதீங்க சார், பசை காயல," என்றான் அவன்.

"நான் இங்கதாம்பா இருக்கேன்."

"தெரியுது சார். நான் இன்னா பண்றது? லிஸ்ட்ல காலின்னு போட்டுகிது." அவன் நோட்டீசை உள்ளங்கையால் நீவிவிட்டான். பிறகு கக்கத்திலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துப் பிரித்து, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தான். "நோட்டீச ஒட்டுனதுக்கு இந்த வூட்டுல இருக்கறவங்க ஒரு கையெழுத்து போடணும் சார். இல்லாங்காட்டி நான் வரவே இல்லன்னு எழுதிடுவாங்க."

கிளமெண்ட் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். பேனாவை வாங்கினார். அந்தக் கட்டத்துக்குள் தன் பெயரை முழுதாக எழுதினார்.

"தேதியும் போட்டுடுங்க சார்," என்றான் அவன்.

தேதியும் போட்டார்.